பள்ளிக்கூடத்துல உக்காந்து சாப்புடுற புள்ள வீட்ல மட்டும் ஏன் ஓடுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகி எழுதியிருந்தாங்க, மூணு வயசுப் பையனுக்கு ஒரு வேளை சோறு ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகுது, போன் குடுக்கலைன்னா வாயே தெறக்க மாட்டேங்குறான், தெனமும் அழுகையா வருதுன்னு. அதப் படிச்சுட்டு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, ஏன்னா ஆறு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் எங்க வீட்லயும் அதே கதைதான். அந்தத் தங்கச்சிக்கும், அவங்களப் போல சோத்துத் தட்ட தூக்கிட்டு வீடு பூரா ஓடிக்கிட்டு இருக்குற எல்லா அம்மாங்களுக்கும் எங்க வீட்ல நடந்தத சொல்லணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமாப் போனாலும் வெட்டாம போடுங்கன்னு கேட்டுக்குறேன்.

எனக்கு ரெண்டு புள்ளைங்க. பாப்பாவுக்கு அஞ்சரை வயசு, மாநகராட்சி பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸ். தம்பிக்கு ரெண்டரை. பாப்பா வீட்ல சாப்பிட உக்காந்தா ரெண்டு வாய், அப்புறம் சேர்லேர்ந்து வழுக்கிக்கிட்டே கீழ எறங்கிரும், சோபாவுக்குப் போயிரும், நான் பின்னாலயே போவேன், அதப் பாத்து தம்பியும் ஓடும். கத்துவேன், சில நாள் அடிச்சும் இருக்கேன், அத நெனச்சா இப்பவும் மனசு என்னமோ பண்ணுது.

இது இப்படி இருக்க, பாப்பாவோட டீச்சர் ஒரு நாள் "உங்க பொண்ணு காலைச் சாப்பாட்ட தட்டுல ஒரு பருக்கை விடாம சாப்புடுறா, ரொம்ப சமத்து"ன்னாங்க. நான் நம்பவே இல்ல. முதலமைச்சரோட காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு நம்ம மதுரையிலதான் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருசம் ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துருச்சு, அந்தச் சாப்பாட்டத்தான் டீச்சர் சொன்னாங்க. வீட்ல உப்புமான்னு சொன்னாலே மூஞ்சியத் திருப்புற புள்ள அங்க எப்படி சாப்புடும்னு எனக்குப் புரியல. டீச்சர்கிட்டயே கேட்டுட்டு ஒரு திங்கக்கிழமை வராண்டா தூண் பக்கத்துல, பாப்பா கண்ணுல படாம நின்னு பாத்தேன்.

புள்ளைங்க தரையில ரெண்டு வரிசையா சம்மணம் போட்டு உக்காந்திருந்துச்சுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டு, ஒரே உப்புமா, ஒரே சாம்பார். போட்ட அக்கா போட்டுக்கிட்டே போயிட்டாங்க, யார் வாயையும் பாத்துக்கிட்டு நிக்கல, "ஆ காட்டு"ன்னு யாரும் சொல்லல. பாப்பா மொதல்ல உப்புமாவ விரலால ஓரமா ஒதுக்குனா, பக்கத்துல இருந்த பொண்ணு சாம்பார்ல கெடந்த கேரட்டு துண்ட எடுத்து வாயில போட்டுச்சு, இவ அதையே பாத்துக்கிட்டு இருந்தா, அப்புறம் தன் தட்டுல இருந்த கேரட்ட எடுத்தா, சாப்புட்டுட்டா. வீட்ல கேரட்டு கெடந்தா தட்டையே தள்ளிவிடுற புள்ள சார் அது. கால் மணி நேரத்துல முடிஞ்சுது, எந்திரிச்சு தட்ட எடுத்துக்கிட்டுப் போயி குழாயில கழுவுனா. நான் அப்படியே வெளிய வந்து ஸ்கூட்டர்ல உக்காந்துட்டேன், கொஞ்ச நேரம் வண்டி எடுக்கவே முடியல. அதே புள்ளைதான், அதே வயிறுதான். அப்ப கோளாறு புள்ளைகிட்ட இல்ல, நாங்க வீட்ல சாப்பாடு போடுற எடத்துலதான்னு அன்னைக்குத்தான் எனக்கு ஒறச்சுது.

வீட்டுக்கு வந்து மொத வேலையா எங்க டைனிங் டேபிள உக்காந்து பாத்தேன். கல்யாணத்துக்கு அம்மா வீட்ல சீரா குடுத்தது, ஆறு பேர் உக்கார்ற தேக்கு டேபிள். அதுல என்னென்ன இருந்துச்சுன்னு சொல்றேன், நெறைய வீட்ல இதான் இருக்கும்: மாமாவோட மாத்திரை டப்பா, ஈபி பில்லு, ரெண்டு சார்ஜர், ஊறுகாய் பாட்டில் மூணு, மடிக்காத துணி ஒரு குவியல், தம்பியோட டயப்பர் பாக்கெட், ஒரு வாரத்துப் பேப்பர், கலர் பென்சில், பாதி பிஸ்கட் பாக்கெட், டிவி ரிமோட். சாப்புட இருந்த எடம் ஓரத்துல ஒரு முழம். அதுல தட்ட வச்சுட்டு எதுத்தாப்ல பென்சிலயும் ரிமோட்டையும் வச்சிருந்தா அஞ்சு வயசுப் புள்ள எதப் பாக்கும்? அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்து, மாத்திரைக்கு மாமா ரூம்ல ஒரு தட்டு, பில்லுக்கு ஆணியில ஒரு பைன்னு பிரிச்சு வச்சுட்டேன். இப்ப டேபிள் மேல தண்ணி ஜாடியும் உப்புக் கிண்ணமும் மட்டும்தான், வேற எத யாரு வச்சாலும் பாப்பாவே எடுத்துட்டுப் போயி அவங்க கையில குடுத்துரும்.

ஆனா துப்புரவு பண்ணுனதால மட்டும் அவ உக்காந்துரல. அடுத்து நான் பாத்தது கால். டேப் எடுத்து அளந்தேன், டேபிள் ஒயரம் 30 இஞ்ச், சேர் ஒயரம் 18 இஞ்ச், எங்க பாப்பாவுக்கு முட்டிக்குப் பின்னாடியிலேர்ந்து குதிகால் வரைக்கும் 11 இஞ்ச்தான். அப்ப கால் தரையிலேர்ந்து 7 இஞ்ச் மேல அந்தரத்துல தொங்குது. முதுகு சாயுற எடத்துல சாஞ்சா முட்டி மடங்காது, முன்னாடி வந்தா முதுகுக்குப் பிடிப்பு இல்ல, தட்டு நெஞ்சுக்கு நேரா நிக்குது, கையத் தூக்கித் தூக்கி சாப்புடணும். நம்மள ஒரு ஒசரமான மதில் சுவத்துல கால் தொங்க உக்கார வச்சு அரை மணி நேரம் சாப்புடச் சொன்னா நாமளும்தான் நெளிவோம். கால் ஊனி, இடுப்பு நேரா, முழங்கை டேபிள் மட்டத்துக்கு வந்தாத்தான் புள்ள கையும் வாயும் ஒழுங்கா வேலை செய்யும்னு எங்க குழந்தை டாக்டரும் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல தரையில உக்காந்தப்ப அது தானா கெடச்சுது. வெளிநாட்டுக்காரங்க இத எப்பவோ கண்டுக்கிட்டாங்க, நார்வேல பீட்டர் ஆப்ஸ்விக்னு ஒருத்தர் 1972-லயே புள்ள வளர வளர உக்கார்ற பலகையையும் கால் வைக்கிற பலகையையும் ஏத்தி எறக்கி மாட்டுற மாதிரி ஒரு சேர் செஞ்சிருக்காரு, ட்ரிப் ட்ராப்னு பேரு, இன்னமும் விக்கிது. ஆனா அது நம்ம கைக்கு எட்டுற வெலையில்ல.

நான் மொதல்ல அம்மா வீட்டு பலா மணையக் கொண்டாந்து காலுக்குக் கீழ ஒரு ஸ்டூல் மேல வச்சேன். அத்தைக்கு ரொம்ப வருத்தமாயிருச்சு, "மணையில மனுசன் உக்காரணும், கால வைக்கக் கூடாது தாயி"ன்னாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான்னு எடுத்துட்டேன். அப்புறம் தெருவுல இருக்குற ஆசாரிகிட்ட போயி, சேரோட முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல, தரையிலேர்ந்து 11 இஞ்ச் ஒயரத்துல ஒரு பலகைய முன்னாடி நீட்டி அடிச்சுத் தரச் சொன்னேன், பலகையோட சேத்து 350 ரூபா வாங்குனாரு. சேர் மேல பழைய ஜமுக்காளத்த 4 இஞ்ச் கனத்துக்கு மடிச்சு கட்டுனேன், முதுகுக்கு ஒரு தலகாணி. இப்ப உக்கார்ற எடம் 22 இஞ்ச், கால் பலகை 11 இஞ்ச், முட்டி சரியா மடங்குது, முழங்கை டேபிளுக்கு சமமா வருது. ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, கால் ஊன எடம் கெடச்சதும் புள்ள டேபிள உதைச்சு சேரப் பின்னாடி தள்ளிப் பாக்கும், அதனால அந்தச் சேர செவத்த ஒட்டித்தான் போடணும். தம்பிக்கு பிளாஸ்டிக் பேபி சேர், பெல்ட்டு போட்டுருவேன்.

டேபிள் விரிப்பு வச்சிருக்கவங்க சின்னப் புள்ள இருந்தா தயவு செஞ்சு எடுத்துருங்க. எங்க தம்பி நடக்க ஆரம்பிச்ச புதுசுல விரிப்போட நுனியப் புடிச்சு இழுத்து ரசச் சட்டி அப்படியே சரிஞ்சு வந்துச்சு, எங்க வீட்டுக்காரரு எட்டிப் புடிச்சதால அவர் கையில கொட்டி கொப்புளத்தோட போச்சு, புள்ள மேல கொட்டியிருந்தா என்னாகும்னு நெனச்சுக்கூடப் பாக்க முடியல. கொதிக்கிற எதுவும் இப்ப எங்க டேபிளுக்கு வராது, அடுப்படியிலயே ஆற வச்சுக் கிண்ணத்துல ஊத்தித்தான் வரும்.

அடுத்து சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். பள்ளிக்கூடத்துல பாப்பா சாப்புட்டதுக்குக் காரணம் பக்கத்துல இன்னொரு புள்ள சாப்புட்டது. வீட்ல அவ பக்கத்துல யாரு சாப்புட்டா? யாருமே இல்ல. நம்ம வீடுகள்ல தோசைதான ராத்திரிக்கு, அம்மா அடுப்படியில நின்னு ஒண்ணொண்ணா சுட்டு முறுகலா கொண்டாந்து போடணும், புள்ளைங்களுக்குப் போட்டு, மாமா அத்தைக்குப் போட்டு, வீட்டுக்காரருக்குப் போட்டு, கடைசியா நாம நின்னுக்கிட்டே கல்லுல இருக்குறத பிச்சுத் தின்னுட்டு கல்ல கழுவணும். எங்கம்மா அப்படித்தான், அத்தையும் அப்படித்தான். என் புள்ளைங்க பொறந்ததுலேர்ந்து நான் உக்காந்து சாப்புட்டு பாத்ததே இல்லன்னு யோசிச்சப்ப எனக்கு அப்படி ஒரு துக்கம் வந்துச்சு. சாப்புடுன்னு ஆயிரம் தடவை சொல்ற அம்மா சாப்புடுறத புள்ள பாக்கவே இல்லன்னா அதுக்கு எங்கேர்ந்து பழக்கம் வரும்?

அதனால வார நாள்ல தோசைய நிறுத்திட்டேன். இட்லி, இடியாப்பம், சப்பாத்தி, இல்ல சாதமும் ஒரு கூட்டும், எதுவா இருந்தாலும் மொத்தமா செஞ்சு ஹாட்பாக்ஸ்ல போட்டு டேபிள் நடுவுல வச்சுட்டு நானும் தட்டு போட்டு உக்காந்துருவேன். தோசை ஞாயித்துக்கிழமை மட்டும்தான், அன்னைக்கு அவரு சுடுவாரு. மொத வாரம் மாமா "சூடா இல்லையேம்மா"ன்னாரு, நான் காரணத்த சொன்னேன், அப்புறம் எதுவும் சொல்லல, இப்ப தம்பிக்கு இட்லிய பிச்சு வைக்கிறது அவருதான். வேலைக்குப் போற வீடா இருந்தாலும் ஒரு பெரியவங்க, ஒரே ஒருத்தர் போதும், புள்ளையோட உக்காந்து அதே சாப்பாட்ட சாப்புடுங்க. ஊட்டுறதுக்கு உக்காராதீங்க, சாப்புட உக்காருங்க.

நேரத்தையும் மாத்துனோம். அவரு வர ஒன்பது மணி ஆகும், அதுவரைக்கும் புள்ளைங்கள பிஸ்கட்டு, முறுக்கு, பால்னு சமாளிச்சு, ஒன்பதரைக்கு தூக்கக் கலக்கத்துல தட்டுக்கு முன்னாடி உக்கார வச்சா அது அழாம என்ன பண்ணும். இப்ப ஏழே காலுக்கு சாப்பாடு, சாயங்காலம் அஞ்சுக்கு சுண்டலோ பழமோ, நடுவுல தண்ணி மட்டும். தம்பி ஒரு நாளைக்கு மூணு டம்ளர் பால் குடிக்கும், பெரிய டம்ளர், முக்கா லிட்டருக்குக் கொறையாது. டாக்டர் அரை லிட்டருக்கு மேல வேணாம்னுட்டாங்க, பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி, பால்லயே வயித்த ரொப்புற புள்ளைக்கு சோறும் எறங்காது, ரத்தசோகையும் வரும்னாங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்கள்ல நம்ம நாட்டுல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சே, அதுக்கு பல காரணம் இருக்கலாம், ஆனா சோத்த தள்ளிட்டு பால ஊத்துறது நம்ம கையில இருக்குற விசயம். பால் கொறைச்ச மூணாம் நாளே தம்பி "பசிக்கிது"ன்னு வந்து நின்னான், அந்த வார்த்தைய அவன் வாயிலேர்ந்து நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல.

இன்னொண்ணும் டாக்டர் சொன்னாங்க, இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்ளோ பயந்திருக்க மாட்டேன். மூணு கிலோல பொறக்குற புள்ள ஒரு வயசுல கிட்டத்தட்ட ஒன்பது கிலோ ஆகுது, அதாவது மூணு மடங்கு. ஆனா ரெண்டாவது வருசம் முழுக்க ஏறுறது ரெண்டு, ரெண்டரை கிலோதான். வளர்ற வேகம் கொறையும்போது பசியும் கொறையும், அது இயற்கை. நாமதான் "ஒரு வயசுல நல்லா சாப்புட்டான், இப்ப சாப்புடவே மாட்டேங்குறான்"னு பதறிப்போயி வாயில திணிக்கிறோம். எடையும் ஒயரமும் ஒழுங்கா ஏறுதான்னு மாசாமாசம் அங்கன்வாடியிலயோ டாக்டர்கிட்டயோ பாத்துக்குங்க, அது சரியா இருந்தா தட்டுல மிச்சம் வைக்கிறதுக்கு பயப்பட வேண்டாம். எடை ஏறல, புள்ள சோர்ந்து கெடக்குன்னா அது வேற விசயம், டாக்டர்கிட்டதான் போகணும், நான் சொல்ற டேபிள் கதையெல்லாம் அதுக்கு மருந்தில்ல.

அமெரிக்காவுல எல்லின் சாட்டர்னு ஒரு சத்துணவு நிபுணர் இதுக்கு ஒரு வழி சொல்லியிருக்காங்க: என்ன சாப்பாடு, எப்ப, எங்க உக்காந்துன்னு முடிவு பண்றது பெத்தவங்க வேலை, அதுல எவ்வளவு சாப்புடுறது, சாப்புடுறதா வேணாமான்னு முடிவு பண்றது புள்ளையோட வேலை. கேக்க சுலபமா இருக்கு, ஆனா "இன்னும் ஒரே ஒரு வாய்"ங்குற வார்த்தைய முழுங்குறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப ஒரு சின்னக் கரண்டி, குழம்பு ஊத்துறதுக்கு வாங்குன அடுக்குல இருந்த ரொம்பச் சின்னது, அது பாப்பாவோடது, அவளே போட்டுக்குவா. தம்பிக்கு விளிம்பு ஒசந்த எவர்சில்வர் கிண்ணம், அடியில ஈரத்துணிய மடிச்சு வச்சா வழுக்காது, கையாலயே அள்ளித் திங்கிறான், பாதி கீழ விழும், கீழ ஒரு பழைய காட்டன் சேலைய விரிச்சிருப்பேன், முடிஞ்சதும் உதறி ஊற வச்சா வேலை முடிஞ்சுது. புடிக்காத காய ஒரு துண்டு மட்டும் ஓரமா வைப்பேன், அதப் பத்தி பேச மாட்டேன். ஒரு புது ருசி புடிபட பத்துப் பதினஞ்சு தடவை தட்டுல வர வேண்டியிருக்கும்னு சொல்றாங்க, எங்க வீட்ல புடலங்காய் கூட்டு எத்தனாவது தடவையில உள்ள போச்சுன்னு நான் எண்ணல, ஆனா போயிருச்சு.

போன் விசயத்துல அத்தைக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்துச்சு. "நாங்க நிலாவக் காட்டி ஊட்டுனோம், நீங்க போனக் காட்டி ஊட்டுறீங்க, ரெண்டும் ஒண்ணுதான, புள்ள வயித்துக்குப் போனாச் சரி"ன்னாங்க. நான் ஒரு நாள் பூரா அத யோசிச்சேன், ஏன்னா அத்தை மூணு புள்ளைய வளத்தவங்க. அப்புறம் சொன்னேன், அத்தை, நீங்க நிலாவக் காட்டும்போது நிலா பேசல, நீங்கதான் பேசுனீங்க, கதை சொன்னீங்க, புள்ள உங்க மூஞ்சியப் பாத்துச்சு, போதும்னு தலைய ஆட்டுனா உங்களுக்குத் தெரிஞ்சுது. போன்ல புள்ளையும் நம்மளப் பாக்கல, என்ன திங்கிறோம், வயிறு ரொம்பிருச்சான்னும் அதுக்குத் தெரியல. அத்தை கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அது சரிதான்"னாங்க, அன்னைலேர்ந்து ஏழே காலுக்கு டிவிய அமத்துறது அவங்கதான். ரெண்டு வயசுக்குள்ள ஸ்கிரீனே வேணாம், அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு நம்ம நாட்டு குழந்தை டாக்டர்கள் சங்கமும் சொல்லியிருக்கு. எங்க வீட்ல எல்லாரோட போனும், மாமா போன் உட்பட, அந்த நேரத்துக்கு பிரிட்ஜ் மேல ஒரு கூடையில இருக்கும்.

ஒரே நாள்ல எல்லாம் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். மொத நாலு நாள் தம்பி போன் கேட்டு அப்படி அழுதான், பக்கத்து வீட்லேர்ந்து வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க, ரெண்டு ராத்திரி கால் இட்லியோட எந்திரிச்சுட்டான், அவரு குடுத்துரலாம்னாரு, நான் மனசக் கல்லாக்கிக்கிட்டேன். இப்பவும் தம்பி பத்து நிமிசம்தான் உக்காருவான், அவன் வயசுக்கு அவ்ளோதான் முடியும், எறங்கிட்டா கிண்ணத்த எடுத்துருவோம், பின்னாலயே போக மாட்டோம். ஓடுற புள்ள வாயில சோறு வைக்கிறது எவ்ளோ ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியணும், சிரிச்சுக்கிட்டே ஓடும்போது மூச்சுக்குழாயில போயிட்டா நிமிசத்துல உயிருக்கே வந்துரும், முழு வேர்க்கடலை, முழு திராட்சையெல்லாம் அஞ்சு வயசுக்குள்ள குடுக்கவே கூடாது, ஒடச்சு, நறுக்கித்தான் குடுக்கணும்.

டேபிள் இல்லாத வீட்டுக்காரங்க இதப் படிச்சுட்டு வாங்கணும்னு நெனச்சுராதீங்க. பாய விரிச்சு எல்லாரும் சுத்தி உக்காந்து நடுவுல சட்டிய வச்சா அதவிட நல்ல ஏற்பாடு கெடையாது, கால் தானா ஊனும், சேர் சாயாது, எல்லாரும் ஒரே மட்டத்துல இருப்போம். மாமாவுக்கு முட்டி வலி இல்லன்னா நாங்களும் தரைக்கே போயிருப்போம்.

கடைசியா உங்க பேப்பர் மூலமா ஒரு கோரிக்கை. சேர் செய்யிற கடைக்காரங்க டைனிங் செட்டோட ஒரே ஒரு சேராவது கால் பலகையோட புள்ளைங்க ஒயரத்துக்குப் போட்டுக் குடுங்க, ஆசாரி 350 ரூபாயில செஞ்சது உங்களுக்குப் பெரிய வேலை இல்ல. கல்யாண மண்டபம் வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணு. பந்தியில அந்த ஒசந்த டேபிளுக்கு முன்னாடி பிளாஸ்டிக் சேர்ல புள்ளைங்க உக்காந்தா எல மேல தாடை இடிக்குது, பாயசம் எட்டல, அம்மாக்காரி மடியில ஒண்ணு பக்கத்துல ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு அவளும் சாப்புடாம எந்திரிக்கிறா, பின்னாடி அடுத்த பந்திக்கு ஆள் வேற நிக்கிது. ஒரு மூலையில நீளமா ரெண்டு ஜமுக்காளம் விரிச்சு புள்ளைங்களுக்குன்னு ஒரு தரைப் பந்தி போடுங்க, காரம் கொறைச்சு ஒரு சாம்பார் வாளி தனியா வைங்க. வர்ற தை மாசம் என் நாத்தனார் கல்யாணம், மண்டபத்துல பேசியிருக்கோம், சரின்னுருக்காங்க, ஜமுக்காளம் எங்க வீட்லேர்ந்தே கொண்டு போறோம்.

இப்படிக்கு,
ரெண்டு புள்ளைங்களோட அம்மா,
மதுரை.